மூட்டை தூக்கியவரின் தட்டு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒன்பது மாதங்கள் ஒரு காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் ஓட்ஸ் கஞ்சி. 11 மணிக்குக் கிரீன் டீ, நான்கு பாதாம். மதியம் இரண்டு புல்கா, ஆலிவ் எண்ணெயில் வதக்கிய புரோக்கோலி. இரவு 8 மணிக்குள் காய்கறி சூப். கடைசி வரியில், தினமும் 45 நிமிடம் பூங்காவில் வேக நடை. மேலே என் பெயர், வயது 44, எடை 84 கிலோ. முதல் வாரம் ஓட்ஸ் வாங்கினோம். இரண்டாவது வாரம் என் மகள் புரோக்கோலி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு மரம் வரைந்து, அதில் ஒரு கிளியை உட்காரவைத்தாள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் காகிதம் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. வெற்றுப் பக்கத்தில் அம்மா பால் கணக்கு எழுதியிருந்தாள். அந்தக் காகிதத்துக்கு நான் கொடுத்தது 600 ரூபாய். பால் கணக்கு எழுதுகிற தாளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

சென்னைத் துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் எனக்கு வேலை. ராஜாஜி சாலையில், மூன்றாவது மாடி, நாள் முழுக்க நாற்காலி. அங்கே நடந்த மருத்துவ முகாமில் எனக்கு எச்பிஏ1சி 6.3 என்று வந்தது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிற சோதனை என்பதால் முந்தின நாள் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. இரண்டு மூன்று மாதக் கதையை மொத்தமாக ஒப்பித்துவிடும். 5.7 என்றால் சர்க்கரை நோய் வாசற்படிக்கு வந்துவிட்டது, 6.5 என்றால் வீட்டுக்குள் வந்துவிட்டது. என்னுடையது படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. மேலாளர் சொன்ன ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த உணவு ஆலோசகர் ஏழு நிமிடம் பேசினார். அவர்தான் பேசினார். உயரம், எடை, வயது மூன்றையும் கணினியில் தட்டினார். காகிதம் வெளியே வந்தது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வெளியே முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டுவிட்டது. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாப்பாட்டு விஷயத்தில் அறிவுரையால் ஒரு மனிதனும் திருந்தியதில்லை. சோற்றைக் குறை, எண்ணெயைக் குறை, நட என்பதெல்லாம் எங்கள் தண்டையார்பேட்டையில் யாருக்குத்தான் தெரியாது? எங்கள் தெருமுனையில் பஜ்ஜி போடுகிறவரே, கூடவே ஒரு துண்டுச் செய்தித்தாளை நீட்டி, “எண்ணெயை ஒற்றிவிட்டுச் சாப்பிடுங்கள் சார், கொழுப்பு” என்பார். எல்லோருக்கும் தெரிந்ததைக் காசு வாங்கிக்கொண்டு சொல்வதில் என்ன இருக்கிறது? பூங்காவில் வேக நடை என்பது தனிக் கொடுமை. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எங்கள் பக்கத்துச் சாலைகளில் வேகமாக நடக்கிறவன், லாரிக்குப் பயந்துதான் அப்படி நடக்கிறான். இந்தக் கருத்தில் பாதி இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மற்ற பாதி கையைவிட்டுப் போன விதம்தான் சில மாதங்களாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

நேற்று முதலில் வாயில் போட்டது

ஒன்பது மாதம் கழித்து எடுத்த சோதனையில் 6.4 வந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் குடும்ப டாக்டர், எனக்கு அம்மை போட்ட காலத்திலிருந்து என்னை அறிந்தவர், தாளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “மாத்திரை எங்கும் ஓடிப்போகாது. மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு பெண் உட்காருகிறாள். அவளிடம் பேசிவிட்டு வா” என்றார். இன்னொரு காகிதமா என்று நினைத்தேன். ஆனால் மறுத்துப் பேசும் வயது அவர் முன்னால் எனக்கு எந்நாளும் வராது.

அறையில் ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நீளநோட்டு. கணினி இல்லை. முப்பது வயதுக்குள் இருக்கும் அந்தப் பெண், தலைப்பில் என் பெயரை எழுதிக்கொண்டு, “நேற்று காலையில் எழுந்ததும் முதலில் வாயில் போட்டது என்ன சார்?” என்று கேட்டார். நான் நல்ல பையனாக, “இரண்டு இட்லி” என்றேன். “அதற்கு முன்னால்?” காபி. “காபியோடு?” இரண்டு பிஸ்கட். “இட்லிக்கு என்ன தொட்டுக்கொண்டீர்கள்?” வடகறி. வடகறி இருக்கிற வீட்டில் இரண்டு இட்லியோடு எழுந்த மனிதன் இந்தப் பக்கத்தில் பிறக்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. நோட்டைப் பார்த்தபடியே சிரித்துக்கொண்டார். ஐந்து என்று திருத்தினேன். பொய்யை நேரடியாகப் பிடிக்கிறவர்களிடம் சமாளித்துவிடலாம். சட்னியின் நிறத்தைக் கேட்கிறவர்களிடம் பொய் நிற்காது.

இப்படி மணி மணியாக இரவு வரை போனோம். நாற்பது நிமிடம் ஆனது. 24 மணி நேர உணவை நினைவிலிருந்து எடுக்கும் இந்த முறை ஊட்டச்சத்துப் படிப்பில் பழைய பாடம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எனக்கு அது பாடமாகத் தெரியவில்லை, என் ஒரு நாளை யாரோ முதல்முறையாக உட்கார்ந்து கேட்டதாகத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு நான்கு டீ என்றதும் கடைக்காரர் எனக்கு எப்படிப் போடுவார் என்று கேட்டார். ‘சர்க்கரை தூக்கலா’ என்று அவர் உள்ளே குரல் கொடுப்பதை அப்படியே சொன்னேன். தூக்கல் என்றால் இரண்டு ஸ்பூனுக்குக் குறையாது. நான்கு டீக்கு எட்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 40 கிராம். சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. நான் டீயிலேயே அதைத் தாண்டிப் போயிருந்தேன். “நாலாவது டீ பசிக்கா சார்?” என்றார். யோசித்துப் பார்த்தேன். மாலை நாலே முக்காலுக்கு என் மேசையிலிருந்து எழுந்து, பக்கத்து அலுவலக நண்பரோடு பத்து நிமிடம் நின்று பேசுவதற்கு எனக்கிருந்த ஒரே சாக்கு அந்த டீ. அவர் டீயை நிறுத்தச் சொல்லவில்லை. நண்பரை விட வேண்டாம், சர்க்கரையை மட்டும் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள் என்றார்.

எண்ணெயில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. எங்கள் வீட்டில் எண்ணெய் அதிகம் சேர்ப்பதில்லை என்று திடமாகச் சொன்னேன். மாதத்துக்கு எத்தனை லிட்டர் பாக்கெட் என்று கேட்டார். ரேஷனில் 25 ரூபாய் பாமாயில் ஒன்று, கடையில் சூரியகாந்தி எண்ணெய் நான்கு. வீட்டில் நான்கு பேர். நோட்டின் ஓரத்தில் வகுத்தார்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 42 மில்லி. 30 கிராமைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் அந்த வகுத்தலிலேயே நின்றுகொண்டிருந்தேன். கப்பல் சரக்குக் கணக்கில் ஒரு டன் பிசகினால் கண்டுபிடிக்கிற எனக்கு, என் அடுப்பங்கரைக் கணக்கு இத்தனை வருடம் தெரியாமல் இருந்திருக்கிறது.

பிறகு மீனுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுவல் என்று நான் பெருமையாகச் சொன்னபோது, கவலை மீனும் மத்தியும் குழம்பு வைப்பதில்லையா என்று கேட்டார். அவர் காசிமேட்டுப் பெண், அம்மா மீன் விற்றவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. கொழுப்பு நல்ல கொழுப்பு, விலை பாதிக்கும் கீழே, முள்ளுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள் என்றார். அதன் பின் கேட்ட கேள்வியை நான் எந்த ஆலோசகரிடமும் எதிர்பார்த்திருக்க முடியாது. “தடைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?” ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் விலை ஏறும். எங்கள் பக்கத்து வீடுகளில் கருவாட்டுச் சட்டி அடிக்கடி அடுப்பேறும். கருவாடு என்றால் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு என்ற அளவெல்லாம் அந்த இரண்டு மாதம் கடலோடு போய்விடும். வெந்நீரில் இரண்டு முறை அலசி, புளியைக் கூட்டி, குழம்பில் தனியாக உப்பே போடாமல் வைக்கச் சொன்னார். ஃபைபர் படகுகளில் வரும் நெத்திலி தடைக்காலத்திலும் கிடைக்கும், எந்தப் பக்கம் எத்தனை மணிக்குப் போனால் கிடைக்கும் என்றும் சொன்னார். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ நூடுல்ஸ் சாப்பிடுவேன் என்பதையும் ஒப்புக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு நாள், பொரித்த பேஜோவைக் குறைக்கச் சொல்லி, வாழைத்தண்டு சூப்பை இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடியுங்கள் என்றார். பர்மாவிலிருந்து வந்து சேர்ந்த சாப்பாட்டைக்கூட என்னிடமிருந்து பறிக்காத ஆலோசனை! சந்தேகமாகவே இருந்தது.

எழுந்திருக்கும்போது இரண்டு வேலை கொடுத்தார். மதியச் சோற்றை ஒரே ஒரு முறை எடை போட்டுப் பார்ப்பது ஒன்று. அடுத்த செவ்வாய் வரும்போது எனக்குச் சோறு போடுகிறவரை அழைத்து வருவது இன்னொன்று.

620 கிராம்

எனக்குச் சோறு போடுவது அம்மா. மனைவி பள்ளிக்கூட வேலைக்குப் போகிறாள். அடுப்பு அம்மாவின் ராஜ்ஜியம். நான் சாப்பிடுவது அப்பாவின் தட்டில். கனமான எவர்சில்வர். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் அப்பாவின் இனிஷியலும் பெயரும், பக்கத்தில் 1981. போனஸ் பணத்தில் மிண்ட் தெருவில் வாங்கியது. இப்போது கடைகளில் கிடைக்கும் தட்டுகளைவிட ஒரு சாண் அகலம் என்று சொன்னால் மிகை, ஆனால் எங்கள் வீட்டு மற்றத் தட்டுகளை அதற்குள் வைத்தால் சுற்றிலும் இரண்டு விரல் இடம் மிஞ்சும். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கோதுமை, உரம், சர்க்கரை. சர்க்கரை மூட்டை அந்தக் காலத்தில் 100 கிலோ. ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வந்து, கிணற்றடியில் கழுத்தையும் தோளையும் தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்வார். அம்மா அந்தத் தட்டில் சோற்றைக் குன்றுபோலக் குவித்து, நடுவில் கையால் குழித்துக் குழம்பு ஊற்றுவாள். அப்பா இறந்து பதினொரு நாள் கழித்து எனக்கு அந்தத் தட்டில் சோறு விழுந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு வயது 23.

ஞாயிற்றுக்கிழமை எடை போட்டோம். கேக் செய்யப்போகிறேன் என்று மனைவி வாங்கி, கேக் ஏதும் செய்யாமல் பரணில் ஏற்றிவிட்ட சின்ன டிஜிட்டல் தராசு அன்றுதான் இறங்கியது. காலித் தட்டை வைத்துப் பூஜ்யமாக்கி, அம்மா வழக்கம்போலப் போட்டுத் தந்ததை அதன் மேல் வைத்தேன். 620 கிராம். மகள் உரக்கப் படித்தாள். அம்மா வாசற்படியில் நின்று, “சோற்றை நிறுக்கக் கூடாதுடா, விளங்காது” என்றாள். 100 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 280 கிராம் சோறு. அப்படியென்றால் இது 220 கிராம் அரிசி. 2024இல் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், 2000 கலோரி போதுமான ஒருவருக்கு நாள் முழுவதற்கும் எல்லாத் தானியமும் சேர்த்து 250 கிராம் என்கிறது. காலை ஐந்து இட்லிக்கும் இரவுத் தோசைக்கும் நான் மிச்சம் வைத்தது 30 கிராம். அன்று அந்த 620 கிராமையும் சாப்பிட்டேன். நிறுத்துவிட்டு மிச்சம் வைத்தால் அம்மா முகம் தாங்காது.

இங்கே ஒரு சின்ன விலகல். அந்தக் கிளினிக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. அம்மா அதை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வாள். அந்தத் தலைமுறையில் பலரும் அப்படித்தான். 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. எங்கள் பக்கத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது என்பது தொட்டியிலிருந்து கஞ்சி மொண்டு ஊற்றுவதில் தொடங்கியிருக்கிறது. சாப்பிட்டாயா என்பதுதான் இங்கே நலம் விசாரிப்பு. இந்த ஊரில், இந்தத் தெருக்களில், ஒருவர் தட்டைப் பார்த்துக் குறை என்று சொல்வதற்கு எத்தனை தைரியம் வேண்டும் என்பது ஓட்ஸ் காகிதத்தை அச்சடித்த கணினிக்கு எப்படித் தெரியும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை

அம்மா வரமாட்டேன் என்றாள். முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லி அழைத்துப் போனேன். ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம், “நான் என்ன விஷமா போடுகிறேன்?” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அறைக்குள் நுழைந்ததும் மூன்றாவது நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, சண்டைக்குத் தயாராக உட்கார்ந்தாள். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அந்தப் பெண் கலோரி, மாவுச்சத்து என்று ஏதாவது ஆரம்பித்தால் அம்மா எழுந்து போய்விடுவாள்; அதோடு இந்த விஷயம் வீட்டில் என்றைக்கும் எடுக்க முடியாத விஷயமாகிவிடும்.

620 என்று நான் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. “தட்டு பெரிய தட்டாம்மா?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, “இவன் அப்பாவுடையது” என்றாள். “அவர் என்ன வேலை பார்த்தார்?”

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். நான் கேட்டேயிராத கதைகள் அவை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் அரிசி போதாமல் பாதித் தட்டு போட்டு அனுப்பியதையும், அன்று பிற்பகல் கப்பல் ஓரத்தில் மூட்டையோடு அப்பா மண்டியிட்டு விழுந்ததையும் சொன்னாள். கூட வேலை செய்தவர்கள் கைத்தாங்கலாக அழைத்து வந்து விட்டார்களாம். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அன்று இரவு அடகுக்கடைக்குப் போன மூக்குத்தி திரும்பி வரவே இல்லை. “அதற்கப்புறம் அவர் தட்டில் ஒரு நாளும் நான் சோறு குறைத்ததில்லை கண்ணு. நான் சாப்பிட்டேனோ இல்லையோ, அந்தத் தட்டு நிறைந்திருக்கும். குறைத்துப் போட்டால் மறுநாள் மூட்டை தூக்க முடியாது.”

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்திருந்தார். ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். சொல்வதற்கு எத்தனை வசதியான இடம்! நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் வாயைத் திறக்கவில்லை. வெளியே கம்பவுண்டர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார். யாரோ எழுந்து போனார்கள். அம்மா என் பக்கம் திரும்பினாள். என் தொப்பையையோ, சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாவையோ, எதைப் பார்த்தாள் என்று தெரியவில்லை. பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, “இவன்தான் எதையும் தூக்குவதில்லையே” என்றாள்.

அதன் பிறகு பேசியதெல்லாம் சமையல் பேச்சு. தட்டை மாற்ற அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, அவரும் கேட்கவில்லை. தட்டு நிறைய வேண்டும், சோற்றுக்குச் சின்னக் கரண்டி, இரண்டு கரண்டி. மீதி இடத்துக்குக் கீரையோ பீன்ஸோ கொத்தவரையோ. ரேஷன் துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு வருகிறதே, குழம்பில் ஒரு கைப்பிடி கூடுதலாக. மீன் குழம்பு நாளில் துண்டு இரண்டு. அம்மா நடுவில், “கொத்தவரை இவன் தொடமாட்டான்” என்று காட்டிக்கொடுத்தாள். வாழைப்பூ என்று மாற்றிக்கொண்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எண்கள், வழுக்கல்கள்

எனக்கு எண் இல்லாமல் நம்பிக்கை வராது, தேடிப் படித்தேன். உள்ளூர் ஆராய்ச்சியே கிடைத்தது. சென்னையின் நீரிழிவு மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரை, என்னைப்போல் வாசற்படியில் இருந்தவர்களை, சுமார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவும் நடையும் குறித்து நேரிலும் தொலைபேசியிலும் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் 39 பேருக்கு வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பேச்சு மாத்திரையோடு சரிக்குச் சரியாக நின்றிருக்கிறது. அதிலும் ஆலோசனை பெற்றவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பது என்னை யோசிக்க வைத்தது. எடை இயந்திரம் அசையாத வாரங்களில் நான் சோர்ந்துபோகிற ஆள். 2013இல் அதே குழுவினர், வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரிடம் கைபேசிக் குறுஞ்செய்தியை வைத்தே இதைச் செய்து பார்த்தார்கள். இரண்டு ஆண்டில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. அறிவுரையால் ஒரு மனிதனும் திருந்தியதில்லை என்ற என் வாக்கியத்தை இதற்குப் பிறகு முழுக் குரலில் சொல்ல வரவில்லை. என்றாலும் 39 என்பது சின்ன எண் இல்லை. ஆலோசனை கேட்டும் நோய் வந்த அந்த 39 பேரின் வீட்டில் என்ன நடந்தது, யார் கரண்டி பிடித்தார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நானும் நேர்க்கோட்டில் போகவில்லை. ஆடி மாதம் வந்தது. எங்கள் தெருவில் மட்டும் நான்கு இடத்தில் கூழ் ஊற்றுவார்கள். கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு. கேழ்வரகு நல்லதுதானே என்று சொம்பு சொம்பாகக் குடித்தேன். நண்பர் மகள் கல்யாண பிரியாணி, அதற்கடுத்த வாரம் வேறொரு பிரியாணி. அந்த மாதம் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு செவ்வாயைத் தவிர்த்தேன். மூன்றாவது செவ்வாய் அவரே போன் செய்தார். “கூழ் எப்படி இருந்தது அண்ணா?” என்றார். சாராக இருந்தவன் அண்ணா ஆகியிருந்தேன். அதன் பிறகு போகாமலே இருந்திருப்பேன் என்றே நினைக்கிறேன், அந்த போன் வராதிருந்தால்.

மெட்ரோவில் தண்டையார்பேட்டைக்கு ஒரு நிலையம் முன்னால், தியாகராயா கல்லூரியில் இறங்கி நடந்து வீட்டுக்குப் போவது அவர் யோசனை, பூங்கா தேவைப்படவில்லை. ஆறு மாதத்தில் எடை 80. எச்பிஏ1சி 5.9. பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன், இன்னும் வாசற்படிதான். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. மதியம் மூன்று மணிக்கு மேசையில் தலை சாயும் அந்தக் கனம் இல்லை. அதைவிட, வீட்டில் சாப்பாட்டு நேரம் சாப்பாட்டு நேரமாக இருக்கிறது. முன்பெல்லாம் அம்மா இன்னொரு கரண்டி போட வருவாள், மனைவி “போதும் அத்தை” என்பாள், நான் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் விழிப்பேன். ஃபிரிட்ஜ் கதவில் காகிதம் இருந்த ஒன்பது மாதமும் அது இன்னும் மோசமானது. மனைவி கையில் அது சட்டப் புத்தகம். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து என் நான்காவது டீயைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

எனக்குள் மிச்சமிருக்கிற பாதிக் கருத்து இதுதான்: நாற்பது நிமிடம் யாருக்குக் கிடைக்கிறது? அந்தச் செவ்வாய்க்கிழமைகளுக்கு நான் ஒவ்வொரு முறையும் 200 ரூபாய் கொடுக்கிறேன். எங்கள் தெருவில் அதைக் கொடுக்க முடிந்தவர்கள்கூட, கையில் மாத்திரை எதுவும் தராத ஒருவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள், நானும் கேட்டவன்தானே. 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் மூலமாகச் சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருகிறது, எத்தனையோ வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. அந்தப் பையோடு ஒரு நாற்காலியும் ஒரு நீளநோட்டும் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ரேஷனில் 20 கிலோ அரிசி இலவசமாகவும், காய்கறி கடைவிலைக்கும் கிடைக்கிற வீட்டில் தட்டின் எந்தப் பக்கம் முதலில் நிறையும் என்பதற்கு எந்த ஆலோசகரும் பொறுப்பில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவும் வந்திருந்தாள்; இப்போது முட்டிவலி என்ற சாக்கு தேவைப்படுவதில்லை. என் பக்கத்தை முடித்துவிட்டு அந்தப் பெண், “நீங்கள் எந்தத் தட்டில் சாப்பிடுவீர்கள் அம்மா?” என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்து, எனக்குத் தெரியவில்லை என்பதைக் கண்டுகொண்டேன். “நான் எங்கே தட்டில் சாப்பிடுகிறேன்? எல்லோரும் சாப்பிட்டு முடித்தால் சட்டியில் மிச்சமிருக்கிற குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்துகொள்வேன். சட்டியும் சுத்தமாகிவிடும்” என்றாள் அம்மா. 68 வயது. இதுவரை ஒரு முறைகூட ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை.

அவர் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார். மேலே அம்மாவின் பெயரை எழுதினார். “நேற்று காலையில் எழுந்ததும் முதலில் வாயில் போட்டது என்ன?” அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “நீ கொஞ்சம் வெளியே போய் உட்காருடா” என்றாள்.